பக்கத்திலேயே இருந்த கூட்டம்

குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டம் ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. தமிழ்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயந்து, மெட்ரோவில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த கூட்டத்துக்கு என் கணவரை அனுப்பினேன். மூன்றாவது வாரமே குடித்துவிட்டு வந்தார்.

"அங்க எல்லாரும் ஹிந்தியில அழறாங்க. எனக்கு ஹிந்தியில ஆபீஸ் விஷயம்தான் பேச வரும்" என்றார்.

பிறகுதான் பக்கத்துக் கூட்டத்துக்குப் போன் செய்தேன். "தாராளமா வரச் சொல்லுங்கம்மா, தமிழ்க்காரங்க ரெண்டு பேர் இருக்கோம்" என்றார் ஒருவர்.

"இனிமே எங்கயும் வரமாட்டேன், விடு" என்றார் கணவர். இன்றும் குடிக்கிறார்.

குடும்பத்தினரையும் அனுமதிக்கும் நாட்களில் நான் மட்டும் அங்கே போகிறேன். வழியில் தெரிந்தவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் பையை வைப்பதில்லை; என்றாவது அவர் வரலாம்.