தோணியில் கேட்ட சம்மதம்

முற்றத்தில் கணவர் தூண்டில் மிதப்புக்காக ரெஜிபோம் நுரையட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கீச்சொலி என்னைப் பதினாறு வயதுக்குக் கொண்டுபோனது.

கோடை வெயிலில் வாப்பா என்னை மட்டும் தோணியில் ஏற்றிக் கடலோரக் களப்பின் நடுவுக்குப் போனார். இறால் இரை நாறியது. மிதப்பைக் கோத்து நூலை எறிந்தபின் சொன்னார்: "இனி ஸ்கூல் வாணாம் மகள். மாப்புள பாத்தாச்சு."

"கரைக்குப் போவோம் வாப்பா."

"முதல்ல ஓம் என்டு சொல்லுங்க."

சுற்றிலும் தண்ணீர். எழுந்தால் தோணி ஆடியது. மிதப்பு இருமுறை அமிழ்ந்தும் அவர் நூலை இழுக்கவில்லை; என் முகத்தையே பார்த்திருந்தார். உச்சி வெயிலில், தாகம் தாங்காமல், "ஓம்" என்றேன்.

அந்த மாப்பிள்ளைதான் என் கணவர். கெட்டவர் அல்லர்.

பதினைந்து வயது மகள் உள்ளே ஓடிவந்தாள். "உம்மா, வாப்பா என்னைக் களப்புக்குக் கூப்புடுறாரு."

"நானும் வாறேன்" என்று செருப்பை மாட்டினேன்.