முதலாளி மேல் விழுந்த சொட்டு

சுட்ட சக்கைப் பசையின் மணம் எங்கேனும் காற்றில் வந்தால், எனக்குப் பழம் நினைவுக்கு வராது. மழையில் நிற்கும் ஒரு கார்தான் வரும்.

பலாவை எங்கள் பக்கம் "சக்கை" என்போம்; அதை வெட்டும்போது வடிந்து ஒட்டிக்கொள்ளும் பால்தான் பசை. கோட்டாற்றில் ஒரு ஜவுளி முதலாளியின் வாடகைக் காரை அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். பல கை மாறி வந்த வண்டி, கண்ணாடிகளைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்துவிட, ஆனிச் சாரலில் உள்ளே இருப்பவர்களும் குடை பிடித்தார்கள். ஒரு மணப்பெண்ணின் பட்டு நனைந்த பிறகு முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நான் பூதப்பாண்டி போவேன். எம்மேல ஒரு சொட்டு விழுந்தா சாவியத் தந்திரு." அதற்குள் நான்கு ஊரும் மூன்று பள்ளிக்கூடமும் பார்த்திருந்தேன், சாவி போனால் ஐந்தாவது ஊர் என்பது எனக்கும் தெரியும்.

புது ரப்பருக்கு வழியில்லை. அம்மா காரை ஒருமுறை சுற்றி வந்தாள். "வாளி ஓட்டைய எதக் கொண்டு அடைக்கோம்? இது என்ன, வாளியவிடப் பெரிய சீமாட்டியா?" என்றாள்.

சக்கை வெட்டிய வீடுகளிலெல்லாம் குச்சியில் சுற்றி வாங்கி வந்த பசையை நான் அடுப்பில் காட்டி உருக்க, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக நறுக்கிக் கண்ணாடி விளிம்புகளில் செருகி, அதன்மேல் பசையை இழுத்துப் பூசினாள் அம்மா. கிழிந்த கூரைத் துணிக்குப் பழைய குடைத் துணி, நார் பிதுங்கிய ஆசனத்துக்குச் சாக்கு உறை. எவ்வளவு எண்ணெய் தேய்த்தும் இரண்டு நாள் என் விரல்கள் ஒன்றையொன்று விடவில்லை.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. ஒழுகினால் துடைக்கத் துணியோடு நான் அப்பா பக்கத்தில் இருந்தேன். வடசேரி தாண்டியும் ஒரு சொட்டில்லை. முதலாளி விளிம்பெல்லாம் தடவிப் பார்த்து, மனம் நிறைந்து வெற்றிலை போட்டார். வாய் நிறைந்ததும் துப்புவதற்காகக் கண்ணாடியை இறக்கப் பார்த்தார். அது அசையவில்லை. மறுபக்கமும் அசையவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவைத்த எங்களில் எவருக்கும் வெற்றிலை நினைவுக்கு வந்திருக்கவில்லை. "ம்ம், ம்ம்" என்று அவர் அப்பாவின் தோளைத் தட்ட, பாராட்டுகிறார் என்று எண்ணி அப்பா வேகத்தைக் கூட்டினார்.

வண்டி நின்றபோது வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. அப்பா சாவியை எடுத்து நீட்டினார். முதலாளி தாடையைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"நீயே வச்சுக்கோ, ஞானமுத்து. மேல விழுந்தது என் சொட்டுல்லா? ஒரு கண்ணாடிய மட்டும் இறங்க விடச் சொல்லு, உம் பொண்டாட்டிட்ட."

அதன்பின் ஆறு வருடம் அதே வீட்டில் இருந்தோம். ஓர் ஊரில் நான் அத்தனை காலம் தங்கியது அப்போது மட்டும்தான். இன்று ரப்பர் கீற்று கடைகளில் முழக்கணக்கில் தொங்குகிறது. அந்தக் கார் எந்தப் பழைய இரும்புக் கடையில் முடிந்ததோ தெரியாது. உடைத்தவன் கண்ணாடியைக் கழற்றச் சிரமப்பட்டிருப்பான், அது மட்டும் நிச்சயம்.