பதினேழு பக்க ஆட்சேபனையும் ஒரு வரித் திருத்தமும்

அரசாங்கத்துக்கு ஆட்சேபனை எழுதுவது ஒரு தொழில் என்றால், அதில் நான் நாற்பது வருஷம் சர்வீஸ் போட்டவன், ஓய்வூதியம்தான் இல்லை. முப்பது நாளுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம் என்ற அறிவிப்பை முப்பத்தோராம் நாள் படித்து வயிறெரிந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால்

பாசன வாய்க்கால்களைப் பற்றி வரைவு விதிகள் வந்திருப்பதாகப் பங்குனியில் காற்றுவாக்கில் சேதி கிடைத்தது. தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். அறிவிப்புப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு. உள்ளே டெங்கு ஒழிப்பு நோட்டீஸ் ஒன்று அகலமாகத் தொங்கியது. அதில் இருந்த கொசுவின் காலுக்குக் கீழே 'பொதுமக்கள் முப்பது நாட்களுக்குள்' என்பது மட்டும் தெரிந்தது. முப்பது நாட்களுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொசு மறைத்துக்கொண்டது. சாவி வைத்திருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டாராம்.

"படிக்க முடியலையே சார்" என்றேன். கிளார்க் தலை நிமிரவில்லை. "வெளியிடணும்னுதான் எங்களுக்கு உத்தரவு. வெளியிட்டாச்சு."

மூன்று வருஷம் காய்ந்தால்

கூத்தாநல்லூரில் காதர் பாய் கடை இருக்கிறது. பதினைந்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் என்று உட்கார்ந்துவிட்டவர். அவர்தான் அந்த வரைவை இணையத்தில் தேடி எடுத்துத் தந்தார். வருஷா வருஷம் ஆய்வு செய்து, தொடர்ந்து மூன்று வருஷம் தண்ணீர் ஓடாத வாய்க்கால்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, அந்த நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்கலாம் என்றது மூன்றாம் விதி. எங்கள் ஊர்க் கடைமடை வாய்க்கால் போனால், அதை நம்பியிருக்கும் வயல்கள் அத்தனையும் தரிசு. முதலில் காய்வது அஞ்சம்மாளின் மூன்று மா நிலம். புருஷன் போன பிறகு அந்த மூன்று மாவில்தான் அது இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறது.

விதியின் முன்னுரையைப் படித்ததுமே எனக்குக் கொதித்துவிட்டது. 'நீர்வள மேலாண்மையை நவீனப்படுத்தும் நோக்கில்' என்று ஆரம்பிக்கும் எதையும் நான் இரண்டாவது வரி வரை விட்டுவைத்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து பதினேழு பக்கத்துக்குக் கண்டன அறிக்கை எழுதினேன். காதர் பாய் வாங்கிப் பார்த்தார். "தோழர், இது அருமையா இருக்கு. போன தடவை குவாரிக்கு எழுதினதும் இதேதானே?"

ஐந்நூறு பேர், ஒரு நம்பர்

ஊர் ஊராகப் போய் ஐந்நூறு கையெழுத்து வாங்கினேன். கொடி, கோஷம், ஊர்வலம் எல்லாம் வைத்து மாவட்ட அலுவலகத்தில் ஒரே கவரில் கொடுத்தோம். தபால் பிரிவில் இருந்த அம்மாள் கவர் மேல் ஒரு முத்திரை குத்தி, ஒரு வரிசை எண் போட்டார். ஐந்நூறு பேரின் ஆட்சேபனை என்று விளக்கினேன். "ஒரு கவர்னா ஒரு மனுதாங்க."

விடுவேனா? அதே வாசகத்தை ஐந்நூறு ஜெராக்ஸ் எடுத்து, ஐந்நூறு கவரில் போட்டுத் திரும்ப வந்தேன். அந்த அம்மாள் முதல் நான்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு நாடாவால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். "ஒரே வாசகம்னா ஒரே மனுதாங்க. நீங்க முதல்லயே ஒரு கவர்ல குடுத்திருக்கலாம்."

சித்திரை வெயிலில் ஆய்வு

கருத்துச் சொல்ல இன்னும் பத்து நாள் பாக்கி. விதி வரைவுதான், ஆனால் அதன்படி முதல் ஆய்வு நடக்கத் தொடங்கிவிட்டது. அரசாங்கம் வேகமாக வேலை செய்து நான் பார்த்த ஒரே தடவை அது. ஓர் இளம் அதிகாரி எங்கள் வாய்க்காலுக்குள் ஷூவோடு இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணைப் போனில் படம் பிடித்தார். 'நீரோட்டம் இல்லை' என்று எழுதினார். மேட்டூர் அணையைத் தையோடு மூடிவிடுவார்கள். மறுபடி திறக்க வைகாசி கடைசி ஆகும். சித்திரையில் காவிரியே மணலாகக் கிடக்கும். அதிகாரி எழுதியது சத்தியமான உண்மை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாசன உரிமையின் வரலாற்றைத் தொடங்குவதற்குள், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் வரப்பிலிருந்து கேட்டது: "ஏன் சார், ஞாயித்துக்கிழமை உங்க ஆபீசுக்கு வந்து பாத்துட்டு, இங்க யாருமே வேலை செய்யறதில்லன்னு நாங்க எழுதிக்கலாமா?"

இரண்டு நிமிடம்

கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். என் பேச்சில் தலைவர் அவர்களே, பெரியோர்களே என்பதற்கே இரண்டு நிமிடம் ஆகும். வெள்ளைக்காரன் காலத்து மராமத்து வரை வந்திருந்தேன், மைக் நின்றுவிட்டது. மேடையில் இருந்த அதிகாரி எழுந்து என்னைக் கும்பிட்டார். "ஐயாவோட உணர்வுகளைப் பதிவு பண்ணியாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க."

நான்கு கட்டம்

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். விதி எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கோரும் வாசகம், காரணம் என்று நான்கு கட்டம். அஞ்சம்மாள் அதை என்னிடம் நீட்டி நிரப்பித் தரச் சொன்னது. திருத்தம் கேட்டால் விதியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், முற்றாக நிராகரிப்பதே நம் நிலைப்பாடு என்று நான் விளக்கினேன். என்னுடைய பதினேழு பக்கத்தைக் காட்டினேன். அஞ்சம்மாள் அதை மரியாதையாகக் கையில் வாங்கி, கனம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு நேராகக் காதர் பாய் கடைக்குப் போய்விட்டது. மூன்றாம் விதியை அவர் வாய்விட்டுப் படிக்க, நான் தாண்டிப்போன வரியில் அஞ்சம்மாள் நிறுத்தச் சொல்லியிருக்கிறது. 'ஆய்வு ஏப்ரல், மே மாதங்களில் நடைபெறும்.' அந்த இரண்டு மாதங்களை அடித்துவிட்டு, அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும் காலத்தில்தான் ஆய்வு நடக்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி எழுதவைத்து அனுப்பியிருக்கிறது. கோபத்தோடு போய் நியாயம் கேட்டேன். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. "நீங்க எதுத்துக்கிட்டே இருங்க தோழர், அதுவும் வேணும். எனக்கு நாத்துக்குத் தண்ணி வேணும்."

இறுதி விதி

ஆவணியில் இறுதி விதி வந்தது. முன்னுரையில் ஓர் எழுத்து மாறவில்லை. மூன்றாம் விதியில் மட்டும் ஏப்ரலும் மேயும் போய், 'அணை திறக்கப்பட்டுக் கடைமடைக்கு நீர் சென்று சேரும் காலத்தில் மட்டும்' என்று இருந்தது. வாய்க்கால் தப்பித்தது. அதே அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை செருப்பில். முழங்கால் தண்ணீரில் நின்ற அஞ்சம்மாள் அவரைப் பார்த்துக் குரல் கொடுத்தது: "இறங்கிப் படம் எடுங்க சார். கரையிலேருந்து எடுத்தா ஆழம் தெரியாது."

விதியோடு பின்னிணைப்பாக, வந்த கருத்துகளும் அரசின் பதில்களும் அட்டவணையாக வந்திருந்தன. காதர் பாய் என் வரிசையைத் தேடிப் படித்துக் காட்டினார். பதினேழு பக்கத்துக்கும், ஐந்நூறு கையெழுத்துக்கும், இரண்டு நிமிட உரைக்கும் சேர்த்து ஒரே கட்டம்: "பொதுவான கருத்து. விதியில் திருத்தம் எதுவும் கோரப்படவில்லை. நன்றி."

நாற்பது வருஷம் இந்த அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியதற்கு என் கையில் இருக்கும் ஒரே எழுத்துபூர்வமான அத்தாட்சி, நான் அதனிடம் எதையும் கேட்கவில்லை என்பதுதான்.