நான் துடைத்த பன்னிரண்டு புள்ளிகள்

என் கை பட்ட படத்தில் ஒரு தூசு தங்காது என்று எனக்கு அப்போது ஏகத் தலைக்கனம். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. காலண்டர் படங்களில் விழுந்திருக்கும் கீறல், முருகன் கன்னத்துக் கறை எல்லாவற்றையும் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்பேன். எம். புதுப்பட்டியிலிருந்து வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் என் அக்காவின் விரலில் வெடிமருந்து அப்பியிருக்கும். என் விரல் சுத்தம். அதிலும் ஒரு திமிர்.

ஒரு சீசனில் சாத்தூர்க்காரர் ஒருவர் சின்னப் புத்தகம் அடிக்க வந்தார். வடக்கே பாலைவனத்தில் மணல்மேடுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கண்காணிக்கும் ஆபீசில் அவருக்கு உத்தியோகம். ஒரே இடத்தின் இரண்டு படங்கள் கொண்டுவந்திருந்தார். பழையதில் மணல் தள்ளி நின்றது. புதியதில் ஓர் ஊரை முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஊர்ச்சனத்துக்கு மாற்று இடம் கேட்டு அதிகாரிகளிடம் கொடுக்கத்தான் புத்தகம். இதையெல்லாம் அவர் எங்கள் முதலாளி அண்ணாச்சியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் காது கொடுக்கவில்லை. படங்களை ஸ்கேன் செய்தேன். அவர் புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படங்களை வாங்கிக்கொண்டு போனார்.

அச்சுப் பிளேட் போட அனுப்புமுன் புதிய படத்தை இன்னொரு முறை திறந்தேன். மணல் ஓரத்தில் கறுப்பாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். சனியன் பிடித்த ஸ்கேனர் தூசு என்று நினைத்தேன். யாரும் கேட்காமலே, பக்கத்து மணலை எடுத்து ஒவ்வொரு புள்ளி மேலும் ஒற்றி மூடினேன். படம் அழகாகிவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இங்கன பன்னெண்டு வீடு இருந்துச்சே, எங்க? ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு மாற்று எடம்னு கூட்டத்துல சிரிச்சிட்டாக. அங்கன ஒரு வீட்டுல சன்னல் வரைக்கும் மணலு. அந்தம்மா தெனம் வாசலைத் தோண்டித்தான் வெளிய வருது."

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "நீங்க குடுத்ததைத்தான் அடிச்சோம் சார். மேல இருந்து எடுக்கையிலயே விட்டுப்போயிருக்கும்." என்னைப் பார்த்தார். "அப்படித்தானத்தா?"

"ஆமா அண்ணாச்சி," என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

அவர் பையிலிருந்து மூலப்படத்தை எடுத்து, அண்ணாச்சி முன்னால் அல்ல, என் முன்னால் வைத்தார். பன்னிரண்டும் இருந்தன. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மறுபடி அடிச்சுக் குடுங்கம்மா. அடுத்த கூட்டம் இனி வர்ற வருசந்தான்," என்றார். அவ்வளவுதான்.

அடித்துக் கொடுத்தோம். நான்தான் துடைத்தேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அக்காவிடம்கூட இதைப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

சில வருடங்களில், பூமியை மேலிருந்து பார்க்கும் வசதி கம்ப்யூட்டரிலேயே வந்தது. எல்லோரும் சொந்த வீட்டைத் தேடினார்கள். நான் அந்த ஊரைத் தேடினேன். படத்தின் ஓரத்திலிருந்த பெயர் எனக்கு மறக்கவே இல்லை.

சனங்கள் இடம் கிடைத்துப் போனார்களா, இல்லை மணல்தான் மூடியதா, தெரியவில்லை. அவரிடம் கேட்கலாம், கேட்க முகமில்லை. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் அன்று துடைத்துக் கொடுத்தது போலவே இருந்தது.