சகாயம் கேட்ட ஒரு நாள்

காலை ஒன்பதரை மணி இருக்கும். திட்டக்குடி, மங்கலம்பேட்டை பக்கமிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு எங்கள் காது பரிசோதனை மையத்தின் வாசலில் காத்திருந்தார்கள். கைபேசி அடித்தது. 'சகாயம் சார் கம்ப்யூட்டர்' என்று பெயர் தெரிந்தது. எதிர்முனையில் யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்காமல், "சார், வர்ற செவ்வாக்கெழம முடியாது சார், கேம்ப் இருக்கு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டது. "மேடம், நான் அவுங்க வீட்டுக்காரம்மா பிலோமினா பேசறேன். அவரு இன்னிக்கி காலைல தவறிட்டாரு மேடம்."

சகாயம் என்கிற சகாயராஜின் சாவுச் செய்திக்கு நான் சொன்ன முதல் வார்த்தை 'முடியாது' என்பதுதான். அதை இனி மாற்ற வழியில்லை. அதனால் மறைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்து, தோளில் கறுப்புப் பையோடு, கடலூர் முதுநகரிலிருந்து பேருந்தில் வருவார். அச்சகம், பள்ளிக்கூடம், பரிசோதனைக் கூடம் என்று எங்கெல்லாம் கம்பெனி கைவிட்ட பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதோ, அங்கெல்லாம் அவர் போயிருப்பார். பிள்ளைகளின் காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதிக்கும் சிறிய மையம் என்னுடையது. அங்கே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவருடையது.

அவர் முதல்முறை வந்தபோது என் மேசையில் இருந்தது பழைய விண்டோஸ் ஏழு ஓடும் கம்ப்யூட்டர். பரிசோதனைப் பெட்டியை அதோடு இணைத்தால்தான் பிள்ளையின் கேட்டல் வரைபடம் திரையில் வரும். பெட்டியைச் செய்த நிறுவனம் மூடிப் பல வருடமாகிறது. அதன் மென்பொருள் புதிய கம்ப்யூட்டர் எதிலும் ஓடாது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது என்று திரையில் அவ்வப்போது ஒரு அறிவிப்பு வரும். நான் அதை ஈ ஓட்டுவதுபோல மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

"எவ்ளோ நாளா மேடம் இத மூடிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும். நல்லாத்தான சார் ஓடுது?"

"ஓடும் மேடம். ஓடறதுல கொற இல்ல. உங்க பூட்டு அதே பூட்டுதான். ஆனா ஊர்ல இருக்கற திருடன் எல்லாம் அதுக்குச் சாவி செஞ்சு வெச்சிட்டான். பூட்ட மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்த ஆளு கடையச் சாத்திட்டுப் போயிட்டாரு. அவ்ளோதான் விஷயம்."

பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆள் இல்லை அவர். "பழசா இருக்கறது தப்பில்ல மேடம். பழசுன்னு தெரியாத மாதிரி இருக்கறதுதான் தப்பு" என்பார். அன்றே பைக்குள்ளிருந்து கட்டரை எடுத்தார். இணைய ஒயரைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். பிடுங்கி, அதன் தலையையே வெட்டிவிட்டார். "புடுங்கி மட்டும் வெச்சா நாளைக்கே யாராவது சொருவிடுவீங்க. உங்களத்தான் சொல்றேன்" என்று சொல்லி, வெட்டிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் இடத்தில் என் ஒயரை வெட்ட இவர் யார் என்று அன்று மாலை வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் மையத்தில் வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் செண்பகம், வடலூர்ப் பெண், இந்த மாதிரி நாளில் பம்பரமாகிவிடுவாள். கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. தாம்பாளத்தில் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், காது பார்க்கும் டார்ச், அவற்றோடு சகாயம் மாதாமாதம் நகல் எடுத்து வைக்கும் சிறிய ஹார்டு டிஸ்க். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது அல்லவா, ஒருவரும் அதைத் தொடவில்லை. மாலை போட்ட மிஷின் சும்மா இருப்பானேன் என்று செண்பகம், தம்பியின் பென்டிரைவை அதில் செருகிச் சாமிப் பாட்டுப் போட்டாள். நானும் அந்தப் பாட்டுக்குத்தான் கற்பூரம் காட்டினேன்.

விஜயதசமியன்று காலையில் திறந்தால் மென்பொருள் எழும்பவில்லை. பிள்ளைகளின் பதிவுகள் இருந்த கோப்புகள் எல்லாம் வெறும் குறியீடுகளாக நின்றன. எத்தனையோ பிள்ளைகளின் வருடக்கணக்கான வரைபடங்கள் அவை. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் ஒரு பிள்ளையின் கேட்கும் திறன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பழைய கோட்டின் பக்கத்தில் புதிய கோட்டை வைத்தால்தான் சொல்ல முடியும். அது இல்லையென்றால் என் படிப்பு பாதி வீண். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். செண்பகம் எனக்கு மேல் அழுதாள்.

விடுமுறை என்று பார்க்காமல் சகாயம் வந்து சேர்ந்தார். செண்பகம் சுவரோரம் ஒடுங்கி நின்றாள். அவளைத் திட்டப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன், கொஞ்சம் திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா அழுவுற? பென்டிரைவ்ல வைரஸ் வந்திருக்கு, ஆனா தப்பு என்னுது. முன்வாசல அடச்சிட்டு, நகல் எடுக்க வசதியா இருக்கட்டும்னு பின்வாசலத் தெறந்து வெச்சிட்டுப் போனவன் நான்தான்" என்றார். பிறகு தாம்பாளத்தில் இருந்த டிஸ்கைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இது நேத்து மிஷின்ல இல்லியா? பூஜைலயா இருந்துச்சு? அப்ப பொழச்சோம்."

டிஸ்கின் துளைக்குள் குங்குமம் போயிருந்தது. அதைச் சிறிய பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டி எடுத்தார். கம்ப்யூட்டரில் இருந்ததைச் சுத்தமாக அழித்து, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, நகல் டிஸ்கைத் தவிர வேறு எதைச் செருகினாலும் ஏற்காதபடி செய்தார். மாலை நாலு மணிக்கு ஒரு பிள்ளையின் பழைய வரைபடம் திரையில் வந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலில் பூசை காண்கிற கிறிஸ்தவர் அவர். செண்பகம் நீட்டிய சுண்டலை வாங்கிக்கொண்டு, "உங்க சாமி நல்ல பேக்கப்பு வெச்சிருக்காரு" என்றார். அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

கிளம்பும்போதுதான் அந்த ஒரு நாளைக் கேட்டார். "மேடம், இந்த மிஷினு ரொம்ப நாள் தாங்காது. புதுசு ஒண்ணு வாங்குங்க. அந்தப் புதுசுக்குள்ளயே ஒரு தனி ரூம் மாதிரி கட்டி, இந்தப் பழைய விண்டோஸ அதுல குடிவெச்சிர்றேன். அந்த ரூமுக்கு வெளி வாசலே கெடையாது. பழசு பாட்டுக்கு உள்ள ஓடும், புதுசு காவலுக்கு நிக்கும். ஆனா கடைசியா மாத்தறதுக்கு எனக்கு ஒரு நாள் வேணும். அன்னிக்கி ஒரு புள்ளைய கூட நீங்க பாக்கக் கூடாது."

புதிய கம்ப்யூட்டர் வந்தது. அவர் உள்ளே எல்லாவற்றையும் தயார் செய்து, துணி போட்டு மூடி அலமாரியில் வைத்தார். அவர் கேட்ட அந்த ஒரு நாள் மட்டும் வரவில்லை. ஒரு மாதம் ஊனச் சான்றிதழ் கேம்ப், ஒரு மாதம் பள்ளிச் சேர்க்கை, ஒரு மாதம் விடியற்காலையில் கிளம்பி வந்த ஏழெட்டுத் தாய்மார்கள். அவர்களை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது? என் காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்தான். முன்பு திரையில் வந்த அறிவிப்பை மூடிக்கொண்டே இருந்தேன். பிறகு அவரை மூடிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக வந்த செவ்வாய்க்கிழமை சட்டை தொளதொளவென்று தொங்கியது. "என்ன சார், பாதி ஆளா ஆயிட்டீங்க?" என்றேன். "சுகரு மேடம், கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். சுகர் இல்லை, கல்லீரல் என்பது அவருக்கு அப்போதே தெரியும். டாக்டரிடம் தாமதமாகத்தான் போனாராம். ஊரில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் தேதி வைத்துப் பார்த்த மனிதர், தனக்கு ஒரு தேதி வைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் அவர்மேல் இன்றும் கோபம் வருகிறது.

அன்று கையால் எழுதிய நாலு தாள்களைத் தந்தார். "ஒவ்வொண்ணா எழுதியிருக்கேன். நான் வர்றப்ப நீங்க நாள் குடுக்க மாட்டேங்கறீங்க. நீங்க நாள் குடுக்கறப்ப நான் வருவனோ என்னவோ" என்றார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

முதுநகரில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. அச்சகக்காரர், பள்ளி எழுத்தர், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர் என்று எல்லோருமே அழுதோம். அழுது முடித்ததும் ஒருவர் காதில் ஒருவர், "இனிமே நம்ம மிஷின யாரு பாப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டோம். அங்கே வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிலோமினா அழைத்திருந்தார். நான் போகவில்லை. அன்று 'இன்று பரிசோதனை இல்லை' என்று ஒரு பலகையை எழுதி வாசலில் மாட்டினேன். மையம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு பலகை எங்களிடம் இருந்ததே இல்லை. வர வேண்டியவர்களுக்கு எல்லாம் செண்பகம் முன்கூட்டியே போன் செய்திருந்தாள். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு.

தாள்களைப் பிரித்தேன். முதல் வரி, 'மேடம், முதல்ல டீ குடிங்க. அவசரப்பட்டா தப்பு வரும்.' குடித்தேன். பிறகு அவர் எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்தேன். கடைசி நகலை எடுத்தேன், புதியதில் ஏற்றினேன், பெட்டியை மாற்றிச் செருகினேன். செண்பகத்தை உட்காரவைத்து அவள் காதையே பரிசோதித்தேன். மாலை மூன்று மணிக்குப் புதிய திரையில், பழைய நிறத்தில், அவளுடைய வரைபடம் வந்தது.

நாலாவது தாளின் அடியில் சில வரிகள் இருந்தன. 'பழைய மிஷின எடைக்குப் போட்டுடாதீங்க. பிள்ளைங்க விவரம் எல்லாம் அழிச்சிட்டுத்தான் வெளிய குடுக்கணும். எல்லாம் ஓடிச்சுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.'

'சகாயம் சார் கம்ப்யூட்டர்' என்ற பெயரை அழுத்தினேன். பிலோமினா எடுத்தார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. "அம்மா, ஓடிடுச்சுன்னு சார்கிட்ட சொல்லணும். அப்பிடித்தான் எழுதியிருந்தாரு" என்றேன். அந்தம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இப்பக் கல்லறைக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேன் மேடம். சொல்லிடறேன்" என்றார்.

என்னிடம் அவருடையதாக இருப்பது நாலு தாள்களும், மேசை இழுப்பறையில் கிடக்கும் வெட்டிய ஒயரின் தலையும், ஒரு பலகையும். பலகை என் கையெழுத்துதான், ஆனாலும் அது அவருடையது. புதிய கம்ப்யூட்டருக்கு வரும் திருத்தங்களை ஏற்றவும் நகல் எடுக்கவும் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அதை வாசலில் மாட்டுகிறேன். கேம்ப் இருந்தாலும் மாட்டுகிறேன்.