நான்கு பழைய சாரங்கள்

மகன் அடுத்த வாரம் துபாய் போகிறான். தென்காசியில் மூன்று பனியன்கள் வாங்கி வந்தான். வியர்வையை இழுத்து உடனே காயவைக்கும் துணியாம். பெட்டியின் அடியில் நான் இரண்டு பழைய சாரங்களை வைத்தேன். எங்கள் பக்கம் கைலியைச் சாரம் என்போம். அவன் அவற்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "இத யாரு வாப்பா இப்பல்லாம் கட்டுதா?" என்றான். கட்டுவதற்கல்ல என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டேன். ஐம்பத்தொரு வயதில் ஒரு துணிக்காக வாதாடத் தெம்பில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது என் வாப்பா சவூதியில் இருந்தார். வடகரையில் எங்கள் தெருவின் பாதி வாப்பாக்கள் அங்கேதான். அந்தச் சித்திரையில் வந்த கடிதத்தில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: பழைய சாரம் நான்கு. நைந்து மெத்தென்று ஆனதாகப் பார்த்து எடுக்க வேண்டும். புதிது வேண்டாம்.

உம்மா அப்படியே நான்கைத் தேர்ந்து, துவைத்துக் கொடியில் போட்டாள். கொண்டுபோகிறவர் எதிர்வீட்டு மாமா. உறவில்லை, ஆனாலும் மாமா. வாப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை செய்பவர், விடுப்பு முடிந்து திரும்புகிறார். அவர் மகன் என் வகுப்பு. கொடியைப் பார்த்து நின்றுவிட்டான்.

"ஏலே, கரித்துணியவா பிளேன்ல ஏத்தப் போறிய?"

"போலே. எங்க வாப்பா கேட்டது."

"உங்க வாப்பா அங்க அடுப்பா தொடைக்காவ?"

வாப்பா அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்த ஒரே போட்டோவில் ஒரு நீளமான காரின்மேல் சாய்ந்து நின்றார். அது அவருடைய கார், உள்ளே ஏசி இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

பயணத்துக்கு முந்தின நாள் எல்லா வீட்டுப் பொட்டலங்களும் பயணம் போகிறவர் வீட்டில் பிரிக்கப்படும். பெட்டி அவர் பெயரில் போவதால் உள்ளே இருப்பதை அவர் கண்ணால் பார்த்து, தராசில் நிறுத்துத்தான் கட்டுவார். சுற்றிலும் தெரு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊறுகாய்க்கும் அல்வாவுக்கும் நடுவே எங்கள் கிழிசல் வெளிவரப்போவதை நினைத்து, உம்மா பார்க்காத நேரத்தில் பீரோவைத் திறந்தேன்.

வாப்பா போன விடுப்பில் கொண்டுவந்த இரண்டு பாலியஸ்டர் சட்டைகள், குண்டூசிகூட எடுக்காமல், யாருக்காவது கல்யாணத்தில் கொடுப்பதற்கென்று பீரோவில் இருந்தன. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சாரங்களை எடுத்துவிட்டுச் சட்டைகளை வைத்தேன். மூன்று சாரங்களை வாய்க்காலில் விட்டேன். நான்காவதைச் சைக்கிள் துடைக்க வைத்துக்கொண்டேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் ஒருவர் சிரித்தார். "அங்கன இருந்து வந்த சட்ட, திரும்ப அங்கனயே போகுது பாரும்!"

மாமா மட்டும் சிரிக்கவில்லை. துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலே, உங்க வாப்பா இதையா கேட்டாவ?"

"ஆமா மாமா."

"சாரம் ஒண்ணும் கேக்கலியா?"

"இல்ல மாமா."

இன்னொரு முறை என்னைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைத் தராசில் மாட்டினார். அவர் மகன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வாப்பாவின் பதில் வந்தது. அனுப்பியது கிடைத்தது, சந்தோஷம். அவ்வளவுதான். உம்மா சட்டைகளைப் பல நாள் தேடி, பீரோவைத் திறந்துபோட்டதாக என்னைத் திட்டி ஓய்ந்தாள்.

அடுத்த ஆனியில் வாப்பா விடுப்பில் வந்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. ஐந்தருவியில் அவர் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் திட்டுத்திட்டாகப் புண்ணாகி ஆறிக் கறுத்திருந்தது.

"முதுகுல என்ன வாப்பா?"

"வேக்குருலே. போன கோடையில கொஞ்சம் கூடிப்போச்சு."

தண்ணீருக்குள் போனவர், கூப்பிடக் கூப்பிட வெளியே வரவில்லை. ஏசி காரில் போகிறவருக்கு வேர்க்குரு எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டே கரையில் நின்றேன்.

பிற்பாடு நானும் அங்கே ஆறு கோடைகள் வெயிலில் வேலை பார்த்தேன். கம்பெனி கொடுக்கும் உடுப்பு நைலான் கலந்தது. வியர்வை உள்ளேயே நின்று தோலை வேகவைக்கும். பழைய பருத்திச் சாரத்தை நீளமாகக் கிழித்து, நெஞ்சும் முதுகும் மூடச் சுற்றிக்கொண்டு உடுப்பை மாட்டினால் பொழுது சாயும்வரை தாங்கலாம். புதுச் சாரம் கஞ்சியோடு விறைத்து நிற்கும், வியர்வையைக் குடிக்காது.

அன்று குற்றாலத்திலிருந்து திரும்பியதும், சைக்கிளில் தொங்கிய துணியை வாப்பா எடுத்து விரித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் கிரீஸ். என்னைப் பார்த்தார். கிணற்றடியில் உட்கார்ந்து அதை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்தார்.

புறப்படும் நாளில் அதை நான்காக மடித்து, பெட்டியில் எல்லாத் துணிக்கும் மேலே வைத்தார். எதிர்வீட்டுப் பையன் வாசலில் நின்றான். அவன் கண்ணில் படுவதற்குள் ஓடிப்போய்ப் பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பூட்டுவதற்கு நான் உதவுவதாக நினைத்து வாப்பா என் தலையைத் தடவினார்.