ஒரு டம்ளர் கறந்தது

திரை கீறிப்போன என் பழைய செல்போனில் அத்தையின் குரல் இருக்கிறது. புதுப் போன் வாங்கியபோது படங்களை எல்லாம் அதற்கு மாற்றிக்கொண்டேன். இதை மட்டும் மாற்றவும் தோன்றவில்லை, அழிக்கவும் தோன்றவில்லை. மேசை இழுப்பறையில் சார்ஜர் வயரோடு சுற்றிக்கொண்டு கிடக்கிறது. போட்டால் முதலில் என் குரல் வரும், வகுப்பறைக் கண்டிப்போடு. “ஷிப், ஷீப்.” பின்னாலேயே அத்தை. “ஷிப்பு, ஷீப்பு.” “சிக்கன், கிச்சன்.” “சிக்கனு, கிச்சனு.” “சூப், சோப்.” நடுவில் ஒரு சேவல் கூவும், பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் போடுவார்கள். பிறகு நான் “பௌல், பால்” என்பேன், கிண்ணமும் பந்தும். அத்தை “பௌலு” என்பார். அதோடு சரி. அடுத்த சொல் வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு சிரிப்புதான் இருக்கும். நானும் அதட்டாமல் அடுத்த ஜோடிக்குப் போய்விடுவேன்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமாவின் பெயர் பாலசுப்பிரமணியன், ஊருக்கு பாலு. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அத்தையின் வயதுக்காரர்கள் பலர் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அத்தை விடவில்லை. பெயர் மட்டுமில்லை, பெயர் மாதிரிக் காதில் விழுகிற எதையும் சொல்ல மாட்டார். ஆகவே அத்தை வீட்டில் பால் கிடையாது, கறந்தது உண்டு. “ஒரு டம்ளர் கறந்தது குடிச்சிட்டுப் போடி” என்பார். குடமுருட்டிப் பாலத்துக்கு அவர் வைத்த பெயர் ‘தாண்டுற எடம்’. டவுன் பஸ்ஸில் ஏறி “தாண்டுற எடத்துல ஒண்ணு குடுங்க” என்று டிக்கெட் கேட்பார். பழைய கண்டக்டர்களுக்குப் புரியும். புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள்.

இது என்ன பெரிய கஷ்டமா என்றால், இல்லை. பாபநாசம் பக்கத்து ஊர் எங்களுடையது. இங்கே எந்த இடத்துக்கும் யாரும் தனியாகப் போவதில்லை. ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால் அத்தையின் மகள் சொல்லுவாள். உரம் வாங்குகிற சொசைட்டியில் கேட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவர் சொல்லுவார். மகள் திருவாரூரில் வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். கிராம அலுவலகத்தில் “புருஷன் பேர் என்னம்மா?” என்று கேட்டதும் அத்தை என் பக்கம் திரும்புவார், நான் சொல்லுவேன். கேட்டவரும் சிரித்துக்கொண்டு எழுதிக்கொள்வார். ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் இப்படி அந்தப் பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளிவிட்டார் என்றால், அது அவருடைய பிடிவாதத்தால் மட்டும் நடந்ததில்லை. ஊரே பக்கத்தில் நின்று நடத்திக்கொடுத்தது.

மாமா லண்டனில் ஒரு தமிழ் ஹோட்டலில் சமையல்காரர். பல வருஷம் அங்கே சரியான காகிதம் இல்லாமல் இருந்து, வராமல் இருந்து, கடைசியில் காகிதம் கைக்கு வந்தபோது உடம்பு போய்விட்டது. இரண்டு சிறுநீரகமும் கெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வரவேண்டும். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சமையல் செய்துபோடவும் கைபிடித்துக் கூட்டிப்போகவும் ஆளில்லை. ஒரே வழி அத்தை அங்கே போவது. அதற்கு விசா வேண்டும், விசாவுக்கு ஆங்கிலம் வேண்டும். பெரிய ஆங்கிலம் இல்லை. சென்னையில் ஒரு அறையில் உட்கார வைத்து, ஒருவர் எதிரில் இருந்து குடும்பம், வீடு, சாப்பாடு என்று எளிதான கேள்விகளாகக் கேட்பார். புரிந்து பதில் சொன்னால் போதும்.

நான் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள். ஒரேமாதிரி ஒலிக்கும் சொற்களில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். அதனால் அத்தைக்கும் அதிலேயே ஆரம்பித்தேன். காலையில் வயலுக்குப் போகும்முன் வாசல் பெருக்கிக்கொண்டே பாடம் நடக்கும். அத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டார், பிடித்ததைத் தன் இஷ்டத்துக்கு வைத்தும் கொண்டார். “வீக்குன்னா வாரம், வீக்குன்னா சோர்வு. ரெண்டும் ஒண்ணுதானேடி, வாரம் பூராவும் சோர்வாத்தானே இருக்கு” என்றார். “சன்னுன்னா சூரியன், சன்னுன்னா மகன். எனக்குப் பொண்ணுதானே, அப்ப சூரியனே போதும்.” ஹாஸ்டலையும் ஹாஸ்பிடலையும் மட்டும் கடைசிவரை குழப்பிக்கொண்டிருந்தார். “மை ஹஸ்பண்ட் இன் ஹாஸ்டல்” என்பார். நான் திருத்தினால், “ஹாஸ்டலா இருந்தா நல்லாருந்திருக்கும்” என்று துடைப்பத்தைத் தட்டுவார்.

ஒரு சொல்லில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ‘மில்க்’. கறந்தது என்று சுற்றி வளைக்க வேண்டாம், யார் ஆயுசுக்கும் கெடுதல் இல்லாமல் நேராகவே சொல்லிக்கொள்ளலாம். பால்காரரிடம் “ரெண்டு மில்க்கு” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே எனக்கு நன்றாக இருந்தது.

கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பழக்கினேன். உன் பெயர் என்ன, வீட்டில் யார் யார், என்ன சமைப்பாய். கணவர் பெயர் என்ன என்ற கேள்வி வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டினார்.

“அத்தை, இதைக் கட்டாயம் கேப்பாங்க.”

“கேக்கட்டும். நீ வருவேல்ல?”

“வருவேன். உள்ள விட மாட்டாங்க.”

“அங்க போயி சொல்லிக்கிறேன்டி. இங்க எதுக்கு அனாவசியமா.”

உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. பிறந்ததிலிருந்து அத்தை வாயில் கேட்காத ஒரு சொல்லை, பாடம் நடத்துகிறேன் என்று பிடுங்கி எடுக்க வாய் வரவில்லை.

சென்னைக்கு ரயிலில் போனோம். அத்தை பாலியெஸ்டர் பட்டுப் புடவை கட்டி, தலையில் கதம்பம் வைத்திருந்தார். அந்த அலுவலகத்தில் கைப்பையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டு அவரை மட்டும் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நடைபாதை, அதன் கோடியில் ஒரு அறை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போகும்போது திரும்பிப் பார்த்தார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

உள்ளே நடந்தது அத்தை பிறகு சொல்லித்தான் தெரியும். பெயர், ஊர், வீடு, சமையல் எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. குறுவை, சம்பா என்று நெல்லைப் பற்றிக்கூட ஏதோ சொல்லியிருக்கிறார், எதிரில் இருந்தவர் சிரித்தாராம். அப்புறம் அவர் கேட்டார், உங்கள் கணவர் பெயர் என்ன என்று. அத்தைக்குக் கேள்வி புரிந்தது. பதிலும் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருக்கிறார். “மை பிரதர் டாட்டர் அவுட்சைட். ஷி வில் டெல்.” எங்கள் ஊரில் இதைவிடச் சரியான பதில் கிடையாது. கேட்டவருக்குப் புரியவில்லை. அத்தைக்குக் கேள்வி விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மெதுவாக மறுபடி கேட்டிருக்கிறார். அத்தை கதவைக் காட்டியிருக்கிறார். அவர் இன்னும் எளிதாக்கி, குழந்தையிடம் கேட்பதுபோல ஒவ்வொரு சொல்லாக, “ஹஸ்பண்ட். நேம். வாட்?” என்றிருக்கிறார். நல்ல மனுஷன்தான், உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை. ஷிப்பும் ஷீப்பும் மில்க்கும் எங்கே போயின என்று தெரியவில்லை.

“சொல்லத்தான்டி வாயத் தொறந்தேன்” என்றார் ரயிலில். “அவரு கையில ஊசியோட படுத்திருக்கறது கண்ணு முன்னாடி வந்துட்டுது. நல்லா இருந்தப்பவே ஒருநாளும் சொன்னதில்ல. படுத்துக் கெடக்கறப்பவா சொல்லுவேன்?”

தோற்றுவிட்டதாகத் தகவல் வந்தது. மறுபடி எழுதலாம், தேதி கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கேட்டவர்மேல் தப்பில்லை. அத்தைமேல் கோபப்பட்டால் அது என் மேலேயே படுகிற மாதிரி இருந்தது. இதில் நாடு விட்டு நாடு அனுப்புகிற அளவுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் என்று என்னைத் தெருவில் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாமா போனில் சிரித்தார். குரல் நூலாய் இறங்கியிருந்தாலும் நக்கல் குறையவில்லை. “ஏய், சொல்லித்தான் தொலையேன். இங்க என் ரத்தத்தையே வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடுறானுங்க. அதுல போவாத ஆயுசு நீ பேரச் சொல்லியா போயிடப் போவுது?” அத்தை போனை என்னிடம் நீட்டினார். “புள்ள, நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு” என்றார் மாமா என்னிடம். எடுத்துச் சொன்னேன். அவர் உயிரைக் காப்பாற்றப் போவதற்குத்தான் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்கிறோம் என்று சொன்னேன். அத்தை கல்யாணப் படத்தை ஒருதரம் பார்த்தார். “சரி. ஒரே ஒரு தடவ. அந்த ரூம்புல சொல்றேன். அதுக்கு முன்னாடி சொல்லச் சொல்லாத” என்றார். மறுநாளே கபிஸ்தலம் போகும் வழியில் இருக்கிற பிள்ளையாருக்கு, பெயரைச் சொல்லப் போவதற்கு முன்கூட்டியே ஒரு சிதறுகாய் உடைத்தார்.

தேதி கிடைத்தது. அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்து, நடவும் முடிந்து, களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பரீட்சைக்கு இன்னும் சில நாள் இருந்தது, அன்று எனக்கு விடுமுறை. காலை டிபன் முடிந்த நேரம், லண்டன் எண்ணிலிருந்து போன். மாமாவோடு வேலை பார்த்த ஒருவர். ஆங்கிலம் தெரிந்தவள் என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் பேசிவிட்டு ஒரு நர்ஸிடம் கொடுத்தார். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

வயலுக்கு நடந்தேன். வரப்பில் நின்றபோது அத்தை மற்றப் பெண்களோடு குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, சேறு படாத புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்னடி, தேதிய மாத்திட்டாங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். “மாமா…” என்றேன். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை. அத்தை கையிலிருந்த களையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த பெண்கள்தான் கரையேற்றிக் கூட்டிவந்தார்கள்.

உடலைக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே தகனம் செய்து, ஊருக்கு வந்த ஒரு நண்பர் அஸ்தியை எடுத்துவந்தார். திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் மாமாவின் அண்ணன் மகன் ஆற்றில் இறங்கிக் கரைத்தான். காரியம் முடிந்தபிறகு காகிதங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். ஒவ்வொரு இடத்திலும் கணவர் பெயர் கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் அத்தை என் பக்கம் திரும்பினார், நான் சொன்னேன். “இனிமே சொன்னா என்ன?” என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி கேட்டேவிட்டாள். வீட்டில் கறந்தது கறந்ததாகவே இருந்தது, தாண்டுற எடமும் அப்படியே. மில்க் என்று மட்டும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் இழுப்பறையை ஒழித்தபோது அந்தப் போன் கைக்கு வந்தது. சார்ஜ் ஏறுகிறதா பார்ப்போம் என்று போட்டேன், ஏறியது. அத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் இருப்பதை மறந்து ஓடவிட்டுவிட்டேன். ஷிப், ஷீப். சிக்கன், கிச்சன். நிறுத்தப் போனேன். “ஓடட்டும்” என்றார். பௌல் வந்தது. பிறகு அந்த இடம் வந்தது, சின்னச் சிரிப்போடு. அத்தை கீரையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லாம இருந்தா இருப்பாருன்னு நெனச்சேன்டி” என்றார்.

நான் போனை நிறுத்தினேன். அத்தை கீரையைத் தள்ளி வைத்தார்.

“அந்த ஆளு அன்னிக்கு எப்படிக் கேட்டான்னு சொன்னேன்ல? அதே மாதிரி கேளு.”

வேண்டாம் அத்தை என்றேன். கேளு என்றார். கேட்டேன், ஆங்கிலத்தில், மெதுவாக.

கையில் ஒட்டியிருந்த இலைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் எனக்குப் பின்னால் யாரோ எழுதிக்கொள்ளக் காத்திருப்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

“மை ஹஸ்பண்ட் நேம் இஸ் பாலசுப்பிரமணியன்.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“சரியா இருக்கா?”

சரியாக இருக்கிறது அத்தை என்றேன்.